பறவையின் ஒப்புதல் இணைக்கப்படவில்லை

உலகத்திலுள்ள காடுகளை உலகத்திலுள்ள எல்லோரும் சேர்ந்துதான் நிர்வகிக்க வேண்டும் என்று, உலகத்திலுள்ள எல்லோர் சார்பிலும் சிலர் ஒரு குளிர்ந்த ஊரில் கூடித் தீர்மானித்தார்கள். அதே வாரம் சரவாக் மாநிலத்தில், செபாங்கில் என்ற ஆற்றின் கரையில், லுங்குவின் வீட்டு முதல் தூணில் விரிசல் விழுந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் லுங்கு அப்போது நினைத்தார்.

வீடு என்றால் ஒற்றைக் குடும்பத்து வீடல்ல. இருபத்தெட்டு வாசல், ஒரே கூரை, எல்லா வாசலுக்கும் முன்னால் ஒரே நெடுங்கூடம், எல்லாம் தூண்களின் மேல். லுங்கு அந்த நீள்வீட்டின் தலைவர். தலைவர் என்றால் உத்தரவு போடுகிறவர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இபான் பழங்குடியினர் வீட்டில் தலைவர் என்பவர் எல்லோருடைய வசவையும் முதல் ஆளாக வாங்கிக்கொள்கிறவர், அவ்வளவுதான்.

மழை வெள்ளத்தில் மேலாற்றிலிருந்து ஒரு பெரிய மரக்கட்டை மிதந்து வந்தது. அங்கே ஒரு மரக்கம்பெனி இரவும் பகலும் வெட்டிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். வந்த கட்டை வழியில் எத்தனையோ வீடுகளை விட்டுவிட்டு, நேராக லுங்கு வீட்டு முதல் தூணில் மோதியது. மோதிவிட்டு, சொந்த வீடு மாதிரி, தரைக்கும் வீட்டுக்கும் நடுவில் அப்படியே படுத்துக்கொண்டது.

முதல் தூண் லேசுப்பட்ட விஷயமில்லை. வீடு கட்டும்போது கோழி அறுத்து, துவாக் என்ற அரிசிக் கள் ஊற்றி முதலில் நடுகிற தூண் அது. அறுவடை முடிந்து கவாய்த் திருநாள் வந்தால் மீரியிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளெல்லாம் வீடு திரும்புவார்கள். அவர்கள் நெடுங்கூடத்தில் ஆடுகிற ஆட்டத்தைக் கெட்டித் தூணே முனகிக்கொண்டுதான் தாங்கும். தூண் போனால் தனித்தனியாகச் சாலையோரம் செங்கல் வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நாலைந்து வாசல்காரர்கள் ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தார்கள். லுங்குவுக்குத் தூக்கம் போனது அந்தப் பேச்சைக் கேட்டுத்தான். தன் காலத்தில் வீடு பிரிந்தது என்ற பெயர் மட்டும் வேண்டாம் என்பது அவர் கவலை.

அவர் மனைவி லெமாய் தூணைக் கையால் தள்ளிப் பார்த்தாள். "கிழவன் பல்லு மாதிரி ஆடுது, சிந்தா அப்பா. கவாய்க்கு வர்ற பயலுங்க நாலு குதி குதிச்சா, அந்த வருஷ விருந்தைக் கீழ பன்னிங்களோட உக்காந்துதான் சாப்பிடணும்."

மோதிய கட்டையையே அறுத்துத் தூணாக நட்டுவிடலாமே என்றான் லெமாயின் தம்பி ஞாம்போங். நல்ல யோசனைதான். அதற்குள் வனத்துறை அதிகாரி ஒருவர் படகில் வந்து, கட்டைக்குச் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போய்விட்டார். எங்கே வெட்டியது என்ற சான்று இல்லாததால் அது மூலம் அறியாத மரம், ஆகவே வழக்குச் சொத்து, ஆகவே யாரும் தொடக் கூடாது. எங்கிருந்து வந்தது என்று லுங்கு ஆற்றின் மேல்பக்கம் கையைக் காட்டினார். கை காட்டுவது சான்றாகாது என்று அதிகாரி விளக்கினார்.

போகட்டும், சொந்தக் காடு இருக்கிறதே. வீட்டுக்குப் பின்னால் குன்றின்மேல் அவர்கள் பாட்டன் பூட்டன் வெட்டாமல் ஒதுக்கிவைத்த காடு. சுற்றுவட்டாரம் முழுக்க எண்ணெய்ப்பனைக்கு மாறியபோதும் அதில் ஒரு கிளையை யாரும் தொடவில்லை. உள்ளே பெலியான் மரங்கள் நின்றன. இரும்பு மரம் என்று அதைச் சும்மா சொல்வதில்லை, ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அந்தக் காட்டை முன்னோர்கள் எதற்கு ஒதுக்கினார்கள் என்றால் தூணுக்கு, படகுக்கு, சவப்பெட்டிக்கு. ஆனால் போன வருஷத்திலிருந்து அதன் வாசலில் ஒரு பலகை நிற்கிறது. உலக வன நல்லாளுமை மன்றம் அதை முன்மாதிரி வனமாக அறிவித்திருக்கிறது. இவ்வளவு காலம் ஒழுங்காகக் காப்பாற்றியதற்காக, இனிமேல் தொடக் கூடாது என்பது பரிசு.

அதிலும் ஒரு வழி வைத்திருந்தார்கள். வனத்தின் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருடைய ஒப்புதல் இருந்தால் ஒரு மரம் எடுக்கலாம். அந்த இடத்தில்தான் தவளை தன் வாயால் கெட்டது.

போன வருஷம் கணக்கெடுப்புக்கு வந்தவர் மாநிலத் தலைநகரான கூச்சிங்கில் உள்ள மன்றச் செயலகத்து அதிகாரி ஜுனைடி. சாதுவான மனிதர், கழுத்தில் அட்டை, கையில் கேள்விகள். இந்தக் காட்டில் எந்த மரத்தை வெட்டுவது, எப்போது வெட்டுவது என்ற இறுதி முடிவு யாருடையது என்று அவர் கேட்டார். லுங்கு யோசித்தார். நான்தான் என்றால் இருபத்தேழு வாசலும் சிரிக்கும். நீ யாரு பெரிய ராஜாவா என்று அன்றைக்கே கேட்டுவிடுவார்கள். எல்லோரும் சேர்ந்து என்றால், எண்ணெய்க் கப்பலில் வேலைக்குப் போயிருப்பவன் உட்பட எல்லோருடைய கையெழுத்தையும் கேட்பார்கள். அதனால் யாருக்கும் மனத்தாங்கல் வராத பதிலாக, அதேசமயம் பொய்யும் இல்லாத பதிலாக ஒன்றைச் சொன்னார்.

"கெத்துப்போங் சொல்லும், துவான்."

துவான் என்றால் ஐயா, கெத்துப்போங் என்றால் ஒரு சின்ன மரங்கொத்தி. தூண்மரம் பார்க்கக் காட்டுக்குப் போகும்போது அது வலப்பக்கம் கூவினால் நல்லது. இடப்பக்கம் கூவினால் பேசாமல் வீட்டுக்கு வந்து துவாக் குடிக்க வேண்டும். ஜுனைடிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பதிலுக்காகத்தான் குளிர்ந்த ஊரில் பல வருஷமாகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி, அழகான எழுத்தில் எழுதிக்கொண்டார். மன்றத்தின் மாநாட்டில் அதைப் படித்தபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். அப்புறம் உட்கார்ந்து, முதல் தூணில் விரிசல் விழுந்த அந்த வாரம், இன்னொரு தீர்மானமும் போட்டார்கள்: செபாங்கில் வனத்தின் அதிகாரம் கெத்துப்போங்குக்கே உரியது. அதன் சுதந்திரமான, முன்கூட்டிய, தகவல் அறிந்த ஒப்புதல் இல்லாமல் ஒரு மரமும் விழலாகாது.

லுங்குவும் ஞாம்போங்கும் முறைப்படி காட்டுக்குப் போனார்கள். கெத்துப்போங் வலப்பக்கம் தெளிவாகக் கூவியது. இருவரும் சந்தோஷமாகப் படகேறி, பஸ் ஏறிக் கூச்சிங் போனார்கள்.

செயலகம் கண்ணாடிக் கட்டடம். வரவேற்பறையில் பிளாஸ்டிக் செடிகள். பக்கத்து அறையில் வனக் குளியல் நடந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் முழுச் சட்டை போட்டுக்கொண்டு, சொட்டுத் தண்ணீர் இல்லாமல், ஒலிபெருக்கியில் வந்த பறவைச் சத்தத்தில் கண்ணை மூடிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கூச்சிங்கில் பெரிய மனிதர்கள் எல்லோரும் இப்படித்தான் குளிக்கிறார்களாம். ஞாம்போங் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது காட்டுப் பறவை இல்லை, கூண்டுப் பறவை என்று லுங்குவின் காதில் சொன்னான்.

ஜுனைடி இருவரையும் உட்கார வைத்து ஐஸ் தேநீர் கொடுத்தார்.

"கூவுச்சு துவான். வலப்பக்கம். ரெண்டு பேரும் கேட்டோம்."

"ரொம்ப சந்தோஷம். தானாக் கூவுச்சா, யாராவது வற்புறுத்தினாங்களா?"

"பறவையை எப்படி துவான் வற்புறுத்துறது?"

"நீங்க பக்கத்துல நின்னீங்க இல்லையா? அப்ப கையில என்ன இருந்துச்சு?"

"வெட்டுக்கத்தி. காட்டுக்குப் போறோமில்ல."

ஜுனைடி பேனாவை மூடி வைத்தார். "ஆயுதம் வச்சிருக்கிற ரெண்டு ஆளுங்க முன்னாடி கொடுத்த ஒப்புதலை, சுதந்திரமான ஒப்புதல்னு நான் எப்படி எழுதுறது? நீங்களே சொல்லுங்க தலைவரே."

ஜுனைடி அடுத்ததற்குப் போனார். தகவல் அறிந்த ஒப்புதல் என்றால், எந்த மரம், எவ்வளவு பருமன், எதற்காக, வேறு வழி உண்டா என்பதெல்லாம் பறவைக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னீர்களா என்று கேட்டார்.

"சொல்லணுமா? அது அந்த மரத்துலதானே உக்காந்திருந்துச்சு" என்றான் ஞாம்போங்.

ஜுனைடியின் முகம் இருண்டது. "அந்த மரத்துலயேவா? அப்போ அது பாதிக்கப்படுற தரப்பும்கூட ஆச்சே. ஒரே பறவை முடிவும் எடுத்து, அந்த முடிவால பாதிக்கப்படவும் முடியாது. இது பெரிய இடத்துக்குப் போகணும்."

பெரிய இடத்துக்குப் போனது. கவாய்க்குச் சில நாள் இருக்கும்போது, பெரிய இடமே படகேறி வந்துவிட்டது.

குழுவுக்குத் தலைமை டாக்டர் இங்கபோர். ஒப்புதல் நிபுணர். மண்புழுவிலிருந்து மலை வரைக்கும் யார் யாரிடமோ ஒப்புதல் வாங்கியவர் என்று ஜுனைடி பெருமையாகச் சொன்னார். நல்ல அம்மா. குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார், எதற்கென்று சொல்லவில்லை. அவரோடு வந்தவர்கள் கூச்சிங் விமான நிலையத்தில் வாங்கிய இபான் மணிச்சட்டையும் இறகுத் தொப்பியும் அணிந்திருந்தார்கள். லுங்கு வீட்டில் எல்லோரும் அன்று காற்பந்துக் குழுச் சட்டை போட்டிருந்ததால், படம் எடுக்கும்போது கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

நெடுங்கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டார்கள். தலைமை நாற்காலி கெத்துப்போங்குக்கு. அதன் முன்னால் பெயர்ப்பலகை, எழுதுகோல், ஒரு புட்டித் தண்ணீர். அதிகாரம் உடையவர் வராமல் கூட்டம் செல்லாது என்பதால் கூட்டம் தொடங்கவில்லை. பறவைக்குத் தகவல் தெரிவிப்பதற்காக, ஒலிபெருக்கியைக் காட்டு விளிம்பில் கட்டி, ஒப்புதல் பத்திரத்தை இபான் மொழியில் முழுதாக வாசித்தார்கள். முதல் பக்கத்திலேயே குன்றிலிருந்த குரங்குகள் அடுத்த குன்றுக்குப் போய்விட்டன. மின்னாக்கி எந்திரம் வேறு டபடபவென்று ஓடியது. கெத்துப்போங் வாயைத் திறக்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் வேறொரு சந்தேகம் கிளம்பியது. வலப்பக்கம் என்றால் யாருக்கு வலம்? ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்த குழுவுக்கு ஒரு வலம், காட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்த வீட்டாருக்கு இன்னொரு வலம். மத்தியானச் சாப்பாடு தாண்டியும் விவாதம் நடந்தது. கடைசியில் டாக்டர் இங்கபோர்தான் நியாயமான முடிவு சொன்னார். அதிகாரம் யாருடையதோ அவருடைய வலம்தான் வலம். பறவை மனிதரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும், ஆகவே மனிதருக்கு இடப்பக்கம் கேட்டால் பறவைக்கு அது வலம், அதுதான் சம்மதம்.

"எங்க பாட்டன் காலத்துலேருந்து நம்ம பக்கத்தை வச்சுத்தானே பாக்குறோம்" என்றார் லுங்கு.

"அது மனிதரை மையமா வச்ச பார்வை" என்றார் அம்மா, வருத்தத்தோடு. "நான் அதுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

இதைத் தீர்மானமாக எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. இரைச்சலில் இருப்புக்கொள்ளாமல் காட்டிலிருந்து கிளம்பிய கெத்துப்போங், திக்குத் தெரியாமல் வீட்டின் ஒரு கோடி வழியாக நெடுங்கூடத்துக்குள் புகுந்தது. இருபத்தெட்டு வாசலையும் தாண்டிப் பறந்தது.

கிழவர், குழந்தை, கைக்குழந்தைக்காரி, சட்டி நிறையச் சோற்றோடு லெமாய், வீட்டார் எல்லோரும் ஏணிகளில் மடமடவென்று இறங்கி வெளியே போய்விட்டார்கள். குழுவினரோ அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதிகாரம் உடையவர் நேரில் வந்துவிட்டார், கூட்டம் செல்லும். பறவை முதல் தூணுக்கு நேர்மேலே உத்தரத்தில் ஒரு கணம் உட்கார்ந்தது. படம் எடுக்க எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். தூண் ஒரு நீளமான சத்தம் போட்டு முறிந்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நெடுங்கூடம் முழங்கால் உயரம் இறங்கி, கீழே படுத்திருந்த அந்தச் சிவப்புச் சாயக் கட்டையின் மேல் உட்கார்ந்து நின்றுவிட்டது. தூணை உடைத்த கட்டையே இப்போது வீட்டைத் தாங்கியது. பறவை மறு கோடி வழியாக வெளியே போய்விட்டது.

டாக்டர் இங்கபோர் தொப்பி இறகைச் சரிசெய்துகொண்டு, நீங்கள் ஏன் ஓடினீர்கள் என்று கேட்டார். லுங்கு உள்ளபடி சொன்னார்.

"அது வீட்டுக்குள்ள நுழைஞ்சு போச்சுன்னா வீடு சூடாயிடுச்சு, கேடு வரப்போகுதுன்னு அர்த்தம், மேடம். அந்தக் காலத்துல அந்த வீட்டையே விட்டுட்டு, வேற புது வீடு கட்டுவாங்க. இப்பல்லாம் ஒரு பன்னியை அறுத்து, ரத்தம் தெளிச்சு, வீட்டைக் குளுமையாக்கிடுவோம். அதோட முடிஞ்சுது."

அம்மா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டார். பதிவு மன்றத்துக்குப் போகிற வழியில் அதன் மிருக வதைத் தடுப்புப் பிரிவினர் பன்றி சம்பந்தமான பகுதியை மட்டும் நீக்கிவிட்டார்கள்.

அந்தக் கவாயைப் பயந்து பயந்து கொண்டாடினார்கள். ஆடுகிறவர்கள் கோடியில் போய் ஆட வேண்டும் என்று லுங்கு கெஞ்சினார். பன்றி அறுத்துச் சாந்தி செய்தார். சாலையோரம் வீடு கட்டப் போகிறவர்கள் கட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த கவாய் வரைக்கும் பொறுத்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

மழைக்காலம் தொடங்கும்போது ஜுனைடி மன்றத்தின் முடிவோடு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"தலைவரே, ஒப்புதல் கிடைச்சிருச்சு. யாரும் கூப்பிடாம தானே வந்ததால சுதந்திரமானது. நாம கேக்குறதுக்கு முன்னாடியே வந்ததால முன்கூட்டியது. இருபத்தெட்டு வாசலையும் நேர்ல பாத்துட்டுப் போனதால தகவல் அறிஞ்சது. உலகத்துலயே இவ்வளவு சுத்தமான ஒப்புதல் இதுதான் முதல் தடவையாம்."

"அப்ப மரம் எடுத்துக்கலாமா?"

"எடுத்தே ஆகணும். பறவையோட முடிவு பழைய வீட்டை விட்டுட்டுப் புது வீடு கட்டணும்கிறது. இருபத்தெட்டு வாசலுக்கும் எல்லாத் தூணும் புதுசு. உங்க காட்டுல இருக்குற பெலியான் பத்தாது, கணக்குப் பாத்துட்டோம். குறையுறதுக்குக் கன்னுங்களையும் சேத்துக்கலாம்னு அனுமதி குடுத்திருக்காங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது போக, குரங்கு இப்போது கோயிலையே கேட்டது. பாட்டனும் பூட்டனும் பசித்திருந்தபோதுகூட விற்காத காடு அவர் தலைமையில் மொட்டையாகப் போகிறது.

"எங்களுக்கு ஒரே ஒரு மரம் போதும் துவான்."

"ஒரு மரத்துக்கு ஒப்புதல் இல்லை, தலைவரே. எல்லா மரத்துக்கும்தான் இருக்கு."

"அப்ப எங்களுக்கு ஒண்ணுமே வேணாம்."

"பறவையோட முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது. நீங்கதானே அதுக்குத்தான் அதிகாரம்னு சொன்னீங்க?"

வீட்டார் வெட்டவும் முடியாதாம். அவர்கள் ரம்பத்துக்குப் பசுமைச் சான்று இல்லை. வட்டாரத்தில் அந்தச் சான்று பெற்ற ஒரே நிறுவனம் மேலாற்று மரக்கம்பெனிதான். எனவே வேலை அவர்களுக்கு. ஆனால் பறவையின் உரிமையை மதித்து, ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் மன்றத்தின் பார்வையாளர் ஒருவர் காட்டு விளிம்பில் நின்று கேட்பார். பறவையின் வலப்பக்கம் கூவினால் வெட்டலாம், இடப்பக்கம் கூவினால் அன்று வேலை கிடையாது.

இதைக் கேட்டதும் ஞாம்போங் தலையைச் சொறிந்துகொண்டே எழுந்து போனான். சின்ன வயதிலிருந்தே எந்தப் பறவை மாதிரியும் கூவுவான், பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடி வாங்கியவன். மறுநாள் கம்பெனி ஆட்கள் வந்து நின்றபோது இடப்பக்கப் புதரிலிருந்து கெத்துப்போங் கூவியது. கம்பெனி ஆட்கள் குதூகலமாக ரம்பத்தை முடுக்கினார்கள். புதருக்குள் ஞாம்போங் நெற்றியில் அடித்துக்கொண்டான். மனிதருக்கு இடம் என்றால் பறவைக்கு வலம், அது சம்மதமல்லவா. முள்ளில் விழுந்து எழுந்து, சுற்றி ஓடி, மறுபக்கம் போய் இன்னும் உரக்கக் கூவினான். பார்வையாளர் கையை உயர்த்தினார். வேலை நின்றது.

இப்படியே தினமும் நின்றது. கம்பெனிக்காரர்களும் சோறு தின்கிறவர்கள்தானே. கீழாற்று வீட்டிலிருந்து மெரிங்காய் என்பவனைப் பிடித்து, சம்மதப் பக்கம் கூவுவதற்கு வேலைக்கு வைத்தார்கள். அதன்பின் காலையில் இரண்டு பக்கமும் கூவியது. இரண்டு பக்கமும் கூவினால் என்ன செய்வது என்று மன்றத்துக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பார்வையாளர் பதிலுக்குக் காத்திருந்தார். ஞாம்போங்கும் மெரிங்காயும் ஆளுக்கொரு புதரில் கூவி முடித்து, நெடுங்கூடத்தில் ஒரே புட்டியில் துவாக் குடித்தார்கள். ஒரே தொழில் செய்கிறவர்களுக்குள் பகை எதற்கு என்றான் மெரிங்காய்.

காடு பிழைத்தது. லுங்கு ஒரு மூச்சு விட்டார். மறு மூச்சை விடுவதற்குள் சிவப்புச் சாயம் பூசிய அதிகாரி வந்தார். கட்டை வழக்கு முடிந்துவிட்டதாம். கவாய்க்கு முன்னால் ஆட்களோடு வந்து வழக்குச் சொத்தை எடுத்துப் போவோம் என்றார். எடுத்தால் வீடு விழுந்துவிடும் என்று லுங்கு சொன்னார். வீடு எங்கள் துறையில் வராது என்றார் அதிகாரி.

அன்று லுங்கு முடிவு செய்தார். பொறுத்தது போதும். ஒரு மரம், ஒரே ஒரு மரம், யாரையும் கேட்காமல். மறுநாள் மத்தியானம் கோடரியை எடுத்துக்கொண்டு தனியாகக் காட்டுக்குப் போனார். எந்த மரம் என்று எப்போதோ மனதில் குறித்து வைத்திருந்தார். அதன் அடியில் நின்று மேலே பார்த்தபோது, இடப்பக்கம் கெத்துப்போங் கூவியது.

"மச்சான், இன்னைக்குக் கம்பெனி லீவு, கூவ வேணாம்" என்றார் லுங்கு, ஞாம்போங்தான் என்று நினைத்து. "அதோட பக்கம் மாத்திக் கூவுறே."

பதில் இல்லை. மறுபடியும் கூவியது. இடப்பக்கம்தான். எரிச்சலோடு கோடரியை மரத்தில் சாய்த்துவிட்டுப் புதரை விலக்கிப் பார்த்தார். யாரும் இல்லை. மெரிங்காயாக இருக்கும், போய் நாலு வார்த்தை கேட்போம் என்று வீட்டுக்குத் திரும்பினார்.

நெடுங்கூடத்தில் ஞாம்போங் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் மெரிங்காய், அவனும் குறட்டை. விடியற்காலையிலிருந்தே இரண்டும் இப்படித்தான் கிடக்கிறது என்று லெமாய் சொன்னாள்.

லுங்கு அப்படியே உட்கார்ந்துவிட்டார். உலகமே கூடி வந்து, ஒலிபெருக்கி கட்டி, நாற்காலி போட்டுக் கேட்டபோது வாய் திறக்காத பறவை, இன்று யாரும் கேட்காமல் பேசியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. நடந்ததை அவர் மனைவியிடம் மெல்லச் சொன்னார். லெமாய் கீரை ஆய்வதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

"இடம்."

"யாருக்கு இடம்?"

லுங்கு நிமிர்ந்து பார்த்தார்.

"நமக்கு இடம்னா அதுக்கு வலம்" என்றாள் லெமாய். "அந்த அம்மா தீர்மானம் போட்டுக் குடுத்தாங்க இல்ல? கையில கோடரி இருந்துச்சா?"

"மரத்துல சாச்சு வச்சிருந்தேன். இல்ல, ரெண்டாம் தடவை கூவினப்பவும் கையிலதான் இருந்துச்சு, அப்புறம்தான் சாச்சேன்."

"சாச்ச பிறகு கூவினதுன்னு வச்சுக்க. அப்பச் சுதந்திரமான ஒப்புதல்."

"லெமாய், அது நம்ம பாட்டன் காலத்துப் பறவை. அதுக்குத் தீர்மானம் எல்லாம் தெரியாது."

"தெரியாட்டி அது அதோட தப்பு. ஒலிபெருக்கியில வாசிச்சாங்கதானே?" லெமாய் கீரைத் தண்டை வெளியே வீசினாள். "நாளைக்குக் கட்டையை உருவிட்டுப் போறவன் பறவையையா கேக்கப் போறான்? போ, பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போ."

அவள் சொன்னதில் சட்டப்படி ஒரு குறையையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆம்பிளைகளைக் கூட்டிக்கொண்டு போனார். கோடரிச் சத்தம் கம்பெனிக் கூடாரத்துக்குக் கேட்காமல் இருக்க, ஞாம்போங் ஒரு பக்கமும் மெரிங்காய் மறுபக்கமும் விடாமல் கூவினார்கள். இரும்பு மரம் இலேசில் விழவில்லை. விழுந்தபோது, மேலே எங்கேயோ சிறகடித்து ஒன்று போன மாதிரி லுங்குவுக்குத் தோன்றியது. அண்ணாந்து பார்த்தார், வானம்தான் தெரிந்தது.

புதுத் தூண் நட்டார்கள். கோழி அறுத்தார்கள், துவாக் ஊற்றினார்கள். அதிகாரியின் ஆட்கள் சிவப்புக் கட்டையை உருவிக்கொண்டு போனார்கள், வீடு ஆடவில்லை. தூண் எங்கிருந்து வந்தது என்று கேட்ட ஜுனைடியிடம், பறவையின் வலப்பக்க ஒப்புதலை லுங்குவே மன்றத்தின் மொழியில், நிறுத்தாமல், மூச்சு விடாமல் ஒப்பித்தார். ஜுனைடி அசந்துபோய், அடுத்த மாநாட்டுக்கு நீங்களே பேச வர வேண்டும் என்றார். சாலையோரம் போக இருந்தவர்கள் அந்தக் கவாயில் தூணுக்கு நேர்மேலே நின்றுதான் ஆடினார்கள்.

லுங்கு இப்போதும் சில நாள் காட்டுக்குப் போய், வெட்டிய அடிமரத்தின் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டுப் பார்க்கிறார். அந்த நாளுக்குப் பிறகு அங்கே கெத்துப்போங் கூவவில்லை. காலையில் வேலைக்கு வந்து ஞாம்போங் ஒரு பக்கம் கூவுகிறான், மெரிங்காய் ஒரு பக்கம் கூவுகிறான். செபாங்கில் வனத்தில் கெத்துப்போங்குகளின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் இரு மடங்காகிவிட்டது என்று மன்றத்தின் ஆண்டறிக்கை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறது.